காங்கிரீட்டுக்கு ஐஸ் போடுகிறோம், கட்டுகிறவருக்கு?

[காட்சி: உச்சிவெயிலில் திறந்த தளம், கம்பி கட்டும் கைகள்]

வெயில் கொளுத்தும் நாட்களில் தளம் போடுவதற்கு முன், காங்கிரீட்டின் சூட்டை அளந்து பார்ப்பார்கள். சூடு கூடினால் கலவை சீக்கிரம் இறுகிவிடும், மேலே வெடிப்பு விழும். அதனால் கலவைத் தண்ணீரில் ஐஸ் சேர்ப்பதுண்டு. ஜல்லியை நனைத்து நிழலில் வைப்பதுண்டு. வேலையையே இரவுக்குத் தள்ளிவைப்பார்கள். போட்ட பிறகும் ஈரச் சாக்கு விரித்து, நாள்கணக்கில் தண்ணீர் விடுவார்கள்.

இதெல்லாம் தேவைதான். ஆனால் அதே தளத்தில் குனிந்து நிற்கும் மனிதருக்கு இதில் எவ்வளவு கிடைக்கிறது?

[காட்சி: மனித உடலின் வரைபடம்]

நம் உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்க வேண்டும். கடினமாக உழைக்கும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது. அதாவது சாரத்தில் செங்கல் ஏற்றுபவருக்கு உள்ளேயும் ஓர் அடுப்பு எரிகிறது. வெளியே வெயில், காலுக்குக் கீழே சுடும் தளம், கையில் சுடும் கம்பி.

வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது வெறுமனே வழிந்து ஓடும், குளிர்ச்சி தராது. வானிலை அறிக்கை சொல்லும் வெப்பநிலை நிழலில் அளந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெட்டவெளியில் நிற்பவருக்கு நிலைமை அதைவிட மோசம்.

[காட்சி: புதிதாக வேலைக்கு வரும் ஒருவர்]

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது புது ஆட்களைப் பற்றி. வெப்பத்துக்கு உடம்பு பழக 1 முதல் 2 வாரம் ஆகும். வெளிவேலையில் வெப்பத்தால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா. அதனால் முதல் நாளில் வழக்கமான வேலையில் 20 சதவீதம் மட்டும் கொடுத்து, தினமும் 20 சதவீதமாகக் கூட்டுவதுதான் பரிந்துரை. நீண்ட விடுப்பு முடிந்து திரும்புகிறவரையும் மெதுவாகத்தான் பழக்க வேண்டும்.

15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கும் முன்பே. கேட்க எளிது. ஆனால் கழிப்பறை இல்லாத இடத்தில், குறிப்பாகப் பெண்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கழிப்பறை இல்லாமல் குடம் குடமாகத் தண்ணீர் வைத்தும் பயனில்லை.

யாராவது திடீரென்று குழம்பிப் பேசினால், தள்ளாடினால், மயங்கினால் அது வெப்பத்தாக்காக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடனே ஆம்புலன்சை அழைத்து, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

[காட்சி: மழையில் நனைந்த சாரம்]

மழையும் குளிரும் வேறுவிதமாகத் தாக்கும். விரல் விறைத்தால் பிடி நழுவும், நனைந்த பலகையில் கால் வழுக்கும்.

அப்புறம், கட்டடத்தின் சொந்தக்காரர்களுக்கு. “எப்போ முடியும்?” என்று நீங்கள் கேட்பது ஒப்பந்தக்காரர், மேஸ்திரி வழியாக இறங்கி, கடைசியில் வெயிலில் நிற்பவரின் ஓய்வைத்தான் பறிக்கிறது. நாள்கூலிக்காரர் தானாக வேலையை நிறுத்தினால் சம்பளம் போகும். அவர்மீது உண்மையிலேயே மதிப்பு இருந்தால், ஒப்பந்தம் போடும்போதே உச்சிவெயில் ஓய்வையும், மழைநாள் தாமதத்தையும், அந்த நேரத்துக்கான கூலியையும், நிழலையும், கழிப்பறையையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.