கடைசிக் கண்ணிக்கு அப்புறம்

எல்லாருக்கும் வணக்கம். இப்ப மைக் முன்னாடி உக்காந்து பேசிட்டிருக்கேன்ல, என் மேல ஒரு கார்டிகன், அதாவது முன்பக்கம் திறந்த உல்லன் ஸ்வெட்டர் இருக்கு, ரேடியோல உங்களுக்குத் தெரியாது, அதனால நானே சொல்லிடறேன். கரும்பச்சை கலர், முழுக்கை, முன்னாடி ஏழு பட்டன், முதுகுல நடுவுல மேலருந்து கீழ வரைக்கும் ஜடை பின்னின மாதிரி கேபிள் டிசைன், எடை கிட்டத்தட்ட 700 கிராம். கையால பின்னினது. ஆரம்பிச்சு பதினாலு மாசம் ஆச்சு, முடிச்சு ஒம்பது நாள்தான் ஆகுது. அந்தப் பதினாலு மாசத்துல அஞ்சு மாசம் இது ஒரு துணிப்பைக்குள்ள அஞ்சு துண்டா கிடந்துச்சு. முதுகு ஒண்ணு, முன்பக்கம் ரெண்டு, கை ரெண்டு. கண்ணின்னா பின்னும்போது ஊசில விழற ஒவ்வொரு நூல் வளையம், அதுல ஒண்ணு கூட ஊசில பாக்கி இல்ல, எல்லாத்தையும் மூடியாச்சு, ஆனா போட்டுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

உல்லன் பின்னறவங்க கிட்ட கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் வீட்ல இப்படி ஒரு பை இருக்கும். சோம்பேறித்தனம்னு வெளில இருக்கறவங்க நினைப்பாங்க, அது இல்லைங்க. பின்னறது கைக்குப் பழகின வேலை, டிவி பார்த்துட்டே, பேசிட்டே பண்ணலாம், ஊசி தானா போகும். ஆனா துண்டுகள நனைச்சு காயவெச்சு, தச்சு, கை ஏத்தி, பட்டன் பட்டி எடுத்து, காஜா போட்டு, நூல் நுனியெல்லாம் உள்ள செருகி, இதெல்லாம் தையக்காரர் வேலை மாதிரி, கண்ணும் வேணும் பொறுமையும் வேணும் பகல் வெளிச்சமும் வேணும். பேட்டர்ன், அதாவது எப்படிப் பின்னணும்ங்கற குறிப்பு எழுதறவங்களும் பின்னறதுக்கு எட்டுப் பக்கம் எழுதிட்டு கடைசில "துண்டுகளை இணைத்து முடிக்கவும்"னு ஒரே வரில விட்டுடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம், ஏன்னா அந்த ஒரு வரிக்குள்ளதான் உடுப்பே இருக்கு.

முதல்லருந்து வரேன். பேட்டர்ன்ல 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணின்னு போட்டிருந்துச்சு, 4.5 மில்லிமீட்டர் ஊசி. நான் சாம்பிள் பின்னி அளந்தேன், 22 வந்துச்சு. ரெண்டு கண்ணி தானேன்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க, உடம்பு சுத்தளவுக்கு 208 கண்ணி, 20 கணக்குல அது 104 சென்டிமீட்டர், 22 கணக்குல 94 சொச்சம். பத்து சென்டிமீட்டர் கிட்ட காணாமப் போயிடும், பட்டன் போட்டா மூச்சு விட முடியாது. அப்புறம் 5 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறினேன், சரியா வந்துச்சு. ஒரு விஷயம், அந்த சாம்பிள கண்டிப்பா தண்ணில நனைச்சு காயவெச்சு அப்புறம்தான் அளக்கணும், ஏன்னா கம்பளி நனைஞ்சதுக்கு அப்புறம் வேற ஆளா மாறிடும், சிலது விரியும், சிலது நீளும், மெஷின்ல துவைக்கலாம்னு சொல்ற சூப்பர்வாஷ் நூல் நல்லாவே நீளும்.

இனி அந்தத் தப்ப பத்தி சொல்லணும். முதுகுத் துண்டு பின்னி அக்குள் வளைவு வரைக்கும் வந்துட்டேன், ஒரு நாள் காலைல ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சுப் பாக்கறேன், நடு ஜடைல ஒரு இடத்துல முறுக்கு எதிர்ப்பக்கம் போயிருக்கு. கேபிள் பின்னாதவங்களுக்கு சொல்றேன், மூணு கண்ணிய தனியா ஒரு குட்டி ஊசில எடுத்து முன்னாடி வெச்சுட்டு அடுத்த மூணப் பின்னினா முறுக்கு இடது பக்கம் சாயும், பின்னாடி வெச்சா வலது பக்கம் சாயும், அவ்வளவுதான் ரகசியம். நான் ஒரே ஒரு தடவ முன்னாடி வெக்க வேண்டியத பின்னாடி வெச்சிருக்கேன். அது 44 வரிசைக்குக் கீழ இருக்கு.

எனக்குப் பின்னல் சொல்லிக்குடுத்த அக்காக்கு போன் பண்ணி அழாத குறையா சொன்னேன். அவங்க கேட்ட முதல் கேள்வி, "உனக்கு அது கண்ணுல உறுத்துதா?" ஆமாக்கான்னேன். "அப்போ எடுத்துடு, இல்லைன்னா போடும்போதெல்லாம் அங்கதான் கண்ணு போகும். ஆனா முழுசும் அவுக்காத, அந்த ஆறு கண்ணிய மட்டும் இறக்கு, ராத்திரில பண்ணாத." அதையேதான் பண்ணேன். ஜடையோட ஆறு கண்ணிய மட்டும் ஊசிலருந்து விட்டு, 44 வரிசை கீழ வரைக்கும் பிரிச்சேன். நடுவுல ஏணிப்படி மாதிரி நூல் நூலா தொங்குது, ரெண்டு பக்கமும் மீதித் துணி அப்படியே நிக்குது, பாக்கவே வயித்தக் கலக்கும். அப்புறம் ரெண்டு பக்கமும் முனை இருக்கற குட்டி ஊசி ரெண்டு எடுத்து, கீழ்ப்படிலருந்து ஒவ்வொரு படியா அந்த நூலாலயே மறுபடி பின்னி ஏறணும், ஆறு பெருக்கல் 44, 264 கண்ணி. ரெண்டு பகல் ஆச்சு. முடிச்சப்போ அந்த இடம் கொஞ்சம் இறுக்கமா, பக்கத்துலயெல்லாம் கண்ணி தளர்ந்து கோணலா தெரிஞ்சுச்சு, நான் பயந்துட்டேன், ஆனா அக்கா "தண்ணி பாத்துக்கும் விடு"ன்னாங்க. அவங்க சொன்னது எவ்வளவு உண்மைன்னு பல மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது, வரேன் அதுக்கு.

நடுவுல ஒண்ணு சொல்லணும்னு ஆசை. கார்டிகன்ங்கற பேரு ஒரு படைத்தளபதியோட பிரபுப் பட்டத்துலருந்து வந்தது. ஜேம்ஸ் புருடெனல், ஏழாவது கார்டிகன் பிரபு, 1854 அக்டோபர் 25ஆம் தேதி கிரிமியப் போர்ல பாலக்ளாவாங்கற இடத்துல குதிரைப்படைய நடத்திட்டுப் போனவர். அதே போர்ல பிரிட்டிஷ் படைக்குத் தலைமை ராக்லன் பிரபு, 1815ல வாட்டர்லூல வலது கைய இழந்தவர், கழுத்துலருந்து அக்குளுக்கு சரிவா இறங்கற ராக்லன் கை அவர் பேர்லதான் இருக்கு. காத மூடற குல்லாவுக்கு பாலக்ளாவான்னு பேரு. ஒரு போர்லருந்து மூணு உல்லன் பேரு வந்திருக்கு. என் கார்டிகன் ராக்லன் கை இல்ல, தோள்ல வளைச்சு ஏத்தற கை, அதான் எனக்கு பயமா இருந்த இடமும்.

சரி, பை கதைக்கு வரேன். அஞ்சு மாசம் கழிச்சு ஒரு நாள் எடுத்துத் தரைல பரப்பினேன். துண்டெல்லாம் ஓரம் சுருண்டு, முதுகு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு, கை ரெண்டும் ஒரே நீளம் மாதிரியே தெரியல. முதல் வேலை பிளாக்கிங், அதாவது நனைச்சு சரியான அளவுக்குக் குத்தி வெச்சுக் காயவிடறது. வெதுவெதுப்பான தண்ணி, கம்பளிக்குன்னு இருக்கற சோப்புத் திரவம் கொஞ்சம், அரை மணி நேரம் ஊற விட்டேன். கசக்கவே கூடாது, கசக்கினா இழைல இருக்கற செதில் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு துணி கெட்டியா சுருங்கிடும், திரும்ப வராது. தூக்கும்போதும் ரெண்டு கையாலயும் அடில தாங்கித் தூக்கணும், இல்லைன்னா தண்ணி கனம் இழுத்து நீண்டுடும். குளிக்கற டவல்ல சுருட்டி மேல ஏறி மிதிச்சு தண்ணிய எடுத்து, பாய்ல பரப்பி, இஞ்சு டேப்ப பக்கத்துல வெச்சுக்கிட்டு, பேட்டர்ன்ல சொன்ன அளவுக்கு குண்டூசி குத்தி விட்டுட்டேன். கம்பளியும் நம்ம தலமுடி மாதிரி கெரட்டின்தான், நனையும்போது உள்ள இருக்கற ஹைட்ரஜன் பிணைப்பு விட்டுக்குடுக்கும், காயும்போது எந்த வடிவத்துல இருக்கோ அந்த வடிவத்துல மறுபடி பிடிச்சுக்கும். நனைச்ச முடிய சுருட்டி வெச்சுக் காயவிட்டா சுருளா நிக்கறது எதனாலயோ அதே விஷயம்தான். ரெண்டு நாள் காய்ஞ்சுது. மூணாவது நாள் குண்டூசிய எடுத்துட்டு அந்த ஜடைய தேடறேன், நான் 264 கண்ணி திருப்பிப் பின்னின இடம் எதுன்னு எனக்கே தெரியல. விரலால தடவிப் பார்த்தேன், அப்பவும் தெரியல. அப்படியே கொஞ்ச நேரம் தரைலயே உக்காந்திருந்தேன்.

தைக்கறதப் பத்தி சொல்லணும்னா, மேட்ரஸ் ஸ்டிட்ச்னு ஒண்ணு இருக்கு, நல்ல பக்கம் மேல பாக்க ரெண்டு துண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஓரத்துக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவுல இருக்கற குறுக்குக் கம்பி மாதிரி நூல இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு எடுத்துட்டே போகணும். தைக்கும்போது ஏணி மாதிரி தொளதொளன்னு இருக்கும், நாலஞ்சு சென்டிமீட்டர் போனதும் நூல மெதுவா இழுத்தா ரெண்டும் ஒட்டிக்கிட்டு தையல் மறைஞ்சே போயிடும். அந்த இழுக்கற நொடி இருக்கே, பின்னல் வேலைல எனக்கு அதவிட சந்தோஷமானது இல்ல.

தோள் இணைப்புதான் மொத்த பாரத்தையும் தாங்கணும், 700 கிராமும் அங்கருந்துதான் தொங்குது, அதனால தோள்லயும் பின்கழுத்துலயும் உள்பக்கமா மெல்லிசா ஒரு டேப் வெச்சுத் தச்சேன், நீளாம இருக்கறதுக்கு. கை ஏத்தறதுக்கு முதல்ல கையோட உச்சி நடுவ தோள் தையல்ல குத்தி, அக்குள் ரெண்டையும் குத்தி, அப்புறம் மீதிய பங்கு போட்டுக்கிட்டே போனேன். வலது கை முதல் தடவையே உக்காந்துடுச்சு. இடது கைய மூணு தடவ பிரிச்சேன், உச்சில சின்னதா ஒரு சுருக்கம் விழுந்துட்டே இருந்துச்சு.

இப்ப பட்டன் பட்டி. முன்பக்க ஓரம் 60 சென்டிமீட்டர், 156 வரிசை. ஓரத்துலருந்து புதுசா கண்ணி எடுத்து பட்டி பின்னணும். நான் அவசரத்துல வரிசைக்கு ஒண்ணுன்னு 156 எடுத்தேன், பட்டி அலை அலையா ஃபிரில் வெச்ச மாதிரி ஆயிடுச்சு. பிரிச்சுட்டு ரெண்டு வரிசைக்கு ஒண்ணுன்னு 78 எடுத்தேன், இப்ப பட்டி உள்ள இழுத்து முன்பக்கம் மேல தூக்கிக்கிச்சு. காரணம் என்னன்னா கண்ணிங்கறது சதுரம் இல்ல, அகலம் ஜாஸ்தி உயரம் கம்மி, அதனால நாலு வரிசைக்கு மூணு கண்ணி எடுத்தாதான் படியும். 117 எடுத்தேன், பட்டி ஓரத்தோட ஓரமா அப்படியே படுத்துச்சு. நாலுக்கு மூணுங்கற அந்தக் கணக்க யாராவது முதல்லயே சொல்லிக்குடுத்திருந்தா எனக்கு ரெண்டு வாரம் மிச்சம், அதான் இப்ப உங்ககிட்ட சொல்றேன், சாதாரண நிட் பின்னலுக்கு இத மனசுல வெச்சுக்கோங்க.

காஜா இல்லாத பக்கத்த முதல்ல பின்னுங்க. அதுல பட்டன வெச்சுப் பார்த்து இடத்த குறிச்சுக்கிட்டு, அப்புறம் அதே இடத்துக்கு அடுத்த பக்கத்துல காஜா விடுங்க. முதல் பட்டன நெஞ்சோட அகலமான இடத்துல வெச்சுக் குறிக்கணும், அங்க பட்டன் இல்லைன்னா இடைவெளி பிளந்துக்கும், மத்ததெல்லாம் அதுலருந்து மேலயும் கீழயும் பங்கு போட்டுக்கலாம், எனக்கு ஏறக்குறைய 18 கண்ணிக்கு ஒண்ணு வந்துச்சு. காஜாவுக்கு நூல ஒரு சுத்து சுத்தி பக்கத்துல ரெண்டு கண்ணிய சேர்த்துப் பின்னிட்டா போதும், பெரிய ஓட்டை விட்டுடாதீங்க, கம்பளி தானா விரிஞ்சு குடுக்கும்.

நூலும் பத்தாமப் போச்சு. பதிமூணு கண்டு ஒரே சாயத் தொகுதி, அதாவது ஒரே தடவைல சாயம் போட்டது, பதினாலாவது வேற தொகுதி, பேரு ஒண்ணு நம்பர் வேற, பகல்ல பக்கத்துல வெச்சா ஒரு சாயல் வெளுப்பு. அத நான் பட்டிக்கும் கழுத்துக்கும் மட்டும் வெச்சுக்கிட்டேன், பட்டி ரிப் பின்னல், மேடும் பள்ளமுமா கோடு கோடா வரும், வெளிச்சம் அதுல வேற மாதிரி விழும், அதனால கலர் வித்தியாசம் கண்ணுக்குப் படல. உடம்பு நடுவுல மாத்தியிருந்தா கோடு போட்ட மாதிரி தெரிஞ்சிருக்கும்.

கடைசி நாள் நூல் நுனி செருகறது, எண்ணிப் பார்த்தேன், 46 நுனி. ஒவ்வொண்ணையும் ஒரு பக்கமா போய், திரும்பி எதிர்ப்பக்கமும் கொஞ்சம் வந்தாதான் துவைக்கும்போது வெளில வராது. சாயங்காலம் ஆயிடுச்சு. ஏழாவது பட்டன் தச்சு, நூல அறுத்து, எந்திரிச்சு நின்னு போட்டுப் பார்த்தேன், இடது தோள்ல அந்தச் சுருக்கம் இல்ல. கண்ணாடி முன்னாடி திரும்பி முதுகையும் பார்த்தேன். அக்காவுக்கு போட்டோ அனுப்பினேன், அவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "ஜடைல நீ திருப்பிப் பின்னின இடம் எதுன்னு காட்டு பாக்கலாம்." என்னால காட்ட முடியல.

மிச்சம் 20 கிராம் நூல் இருக்கு, எட்டாவது பட்டன் ஒண்ணும் இருக்கு. பட்டன உள்பக்கத் தையல்ல தச்சு வெச்சுட்டேன். நூல ஒரு சின்ன சிட்டமா கட்டி, கார்டிகன துவைக்கும்போதெல்லாம் அதையும் கூடவே தண்ணில போடப் போறேன், ரெண்டும் ஒண்ணா வெளுக்கும், என்னிக்காவது முழங்கைல ஓட்டை விழுந்தா ஒட்டுப் போட கலர் ஒத்துப் போகும். நன்றி, வணக்கம்.