பருப்பு வந்த நாளும் படை வந்த நாளும்

(களுவாஞ்சிகுடியில் ஒரு மாலைநேர வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, அக்காமாரே, தம்பி தங்கைமாரே,

எல்லை தாண்டும் படைகளைப் பற்றி, உலக நாடுகளின் இரட்டை நாக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஈராக், உக்ரேன், காசா என்று ஒரு மணித்தியாலம் வல்லரசுகளை வெளுத்து வாங்கிவிட்டு இறங்கலாம். கைதட்டும் கிடைக்கும். ஆனால் தலைப்பைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது என் மாமாவின் றேடியோதான்.

1987 ஜூன் 4. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இலங்கைப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை நடக்கிற நேரம். முதல்நாள் இந்தியாவில் இருந்து படகுகளில் வந்த நிவாரணச் சாமானை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியிருந்தது. கடலால் விடாவிட்டால் வானால் வருவோம் என்று மறுநாள் பின்னேரம் இந்திய விமானப்படையின் ஐந்து அன்டனோவ் விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்தன. காவலுக்கு மிராஜ் போர் விமானங்கள். போட்டது சுமார் 25 டன் சாமான். கொழும்பு இறைமை மீறல் என்று கொதித்தது. தெற்கில் இன்றைக்கும் பருப்புப் போட்ட கதை என்றுதான் அதைச் சொல்வார்கள்.

வயலால் வந்து குந்தின மாமா செய்தியைக் கேட்டுவிட்டு, "கேட்டியா மனே, வந்திட்டானுகள்" என்றார். ஒழுங்கை முழுக்க அதே பேச்சு. அந்தச் சந்தோசத்தை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஐ.நா. சாசனத்தின் இரண்டாம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். இன்னொரு நாட்டின் ஆள்புல ஒருமைப்பாட்டுக்கு எதிராகப் பலத்தைப் பயன்படுத்தவும் கூடாது, பலத்தைக் காட்டி மிரட்டவும் கூடாது என்கிறது. கேளாமல் வந்த போர் விமானம் மிரட்டல் இல்லையென்றால் வேறென்ன? கொழும்பின் இறைமைக்காக அன்று நாங்கள் ஒரு நிமிசம் கவலைப்பட்டோமா?

எட்டுக் கிழமைக்குள், ஜூலை 29இல், ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். இந்த முறை இந்தியப் படை வந்தது கொழும்பின் சம்மதத்தோடு. சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஒக்டோபரில் புலிகளுக்கும் அந்தப் படைக்கும் சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாய் கப்பல் ஏறும்வரை வடக்கு கிழக்கில் சனம் பட்ட பாட்டை, இங்கே முன்வரிசையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்ப யோசித்துப் பாருங்கள். சட்டத்தை மீறி வந்தது பருப்பு. சட்டப்படி வந்தது சண்டை. விமானத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எல்லைச் சட்டம் எட்டிப் பார்க்காது. கதிரையில் இருக்கிறவர் ஓம் என்று சொன்னாரா என்று மட்டும் கேட்கும். கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற சனத்திடம் கேட்க அதில் ஒரு வரியும் இல்லை. இந்த ஓட்டைக்குள்ளால்தான் ஒவ்வொரு அரசும் தனக்கு வேண்டிய நியாயத்தைக் கொண்டுவந்து இறக்குகிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் 1979. அந்த ஆண்டைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதே குறைவு. 1978 டிசம்பர் கடைசியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் இறங்கி, ஜனவரி 7இல் புனோம் பென்னைப் பிடித்தது. ஓடினது போல் பொட். நாலு வருசத்துக்குள் பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட சொந்தச் சனத்தைச் சாகக் கொடுத்த ஆட்சி. அதே மாதங்களில் ஆபிரிக்காவில் தன்சானியாவின் படை உகண்டாவுக்குள் போய், ஏப்ரல் 11இல் கம்பாலாவைப் பிடித்தது. ஓடினது இடி அமீன். வியட்நாமும் தன்சானியாவும் சொன்ன நியாயம் ஒன்றுதான்: முதலில் எங்கள் எல்லையில் புகுந்து அடித்தது அவன்.

உகண்டாவின் புதிய அரசை உலகம் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டது. கம்போடியாவின் ஐ.நா. கதிரை மட்டும் துரத்தப்பட்ட போல் பொட் தரப்பின் கையிலேயே இருந்தது. 1979 செப்டம்பரில் பொதுச் சபை வாக்கெடுத்தபோது ஆதரவு 71, எதிர்ப்பு 35. அமெரிக்காவும் பிரித்தானியாவும் அந்த 71க்குள். இடையில் பெப்ரவரியில் சீனா, வியட்நாமுக்குப் பாடம் படிப்பிக்கிறோம் என்று எல்லை தாண்டிப் போய் ஒரு மாதம் அடித்துவிட்டுத் திரும்பியது. வியட்நாமுக்குப் பின்னால் மொஸ்கோ நின்றது. தன்சானியாவுக்குப் பின்னால் எந்த வல்லரசும் நிற்கவில்லை. மற்றபடி இரண்டு கதைக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அணிசேரா நாடுகள் அதே செப்டம்பரில் ஹவானாவில் கூடி, கம்போடியாவின் கதிரையில் ஒருவரையும் இருத்தாமல் வெறுமையாக விட்டன. நம்மூர்க் கோயில் கணக்குச் சண்டைக்கு மத்தியஸ்தம் பார்க்கிற மாதிரி!

மேற்கு நாடுகள்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். 1956இல் சுயெஸ் கால்வாய்க்காக பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தை அடித்தபோது நேருவின் இந்தியா உடனே கண்டித்தது. அதே நாட்களில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள். சோவியத் படை விலகவேண்டும், ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடக்கவேண்டும் என்ற தீர்மானத்துக்கு எதிராக இந்தியா வாக்களித்தது. 2024 ஜனவரியில் ஈரான் பாகிஸ்தானுக்குள் ஏவுகணை விட்டபோது, தற்காப்புக்காக நாடுகள் எடுக்கும் நடவடிக்கையை எங்களால் விளங்கிக்கொள்ள முடிகிறது என்றது டெல்லி. இரண்டு நாளில் பாகிஸ்தான் ஈரானுக்குள் திருப்பி அடித்தது. அதுவும் தற்காப்புத்தானாம்.

அதே ஐ.நா. சாசனத்தின் 51ஆம் உறுப்புரை ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காப்பு உண்டு என்கிறது. ஈராக் 2003இல் அமெரிக்காவைத் தாக்கவில்லை. உக்ரேன் 2022இல் ரஷ்யாவைத் தாக்கவில்லை. இரண்டையும் ஒரே வாயால் பிழை என்று சொன்ன அரசுகளை எண்ணிப் பாருங்கள், அதிக நேரம் எடுக்காது.

இலங்கை? 2022 மார்ச் 2இல் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்தபோது வாக்களிக்காமல் ஒதுங்கின 35இல் நாமும் ஒன்று. ரஷ்யா நம் தேயிலையை வாங்குகிற நாடு, உல்லாசப் பயணிகள் வருகிற நாடு. நாம் பெற்றோல் ஷெட்டில் வரிசையில் நின்ற காலம் அது. வயிற்றுப்பாட்டுக்காக வாய்மூடி இருந்ததை நான் பெரிய குற்றமாக எடுக்கவில்லை. அதற்கு நடுநிலை என்று பெயர் வைத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் காலத்தில் மாமா படுக்கையில். டீவியில் உக்ரேன் றோட்டால் டாங்கிகள் போவதைப் பார்த்துக்கொண்டே, "இவனுகள ஆரு கூப்பிட்ட?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல மாமா."

கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தார். "அப்ப, அண்டைக்கு நம்மட இடத்துக்கு வந்தவனுகள ஆரு கூப்பிட்ட?"

ஜூனைக் கேட்கிறாரா, ஜூலையைக் கேட்கிறாரா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.