இரண்டு பேரவை, ஒரு அண்டா

(பாளையங்கோட்டையில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுதித் தரச் சொன்னார்கள். எழுதும்போது கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். மேடையில் நழுவிப் போன இடங்கள் இதிலும் நழுவித்தான் போகின்றன.)

தலைமை ஏற்றிருக்கும் முதல்வர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அண்ணாச்சி அவர்களே, எனக்கு முன்னால் பேசி என்னுடைய பத்து நிமிடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட வழக்கறிஞர் நண்பர் அவர்களே, நாற்காலி தந்து உதவிய வியாபாரப் பெருமக்களே, பின்வரிசையில் செல்பேசியில் மூழ்கியிருக்கும் என் அருமைத் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கும் நன்றி. போன மாதம் இன்னொரு மேடையில் நான் ஒருவருக்குப் போர்த்திய அதே பொன்னாடைதான் என்று நினைக்கிறேன். ஓரத்தில் அந்த மஞ்சள் கறை அப்படியே இருக்கிறது. ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்பார்கள். பொன்னாடையும் ஊர் கூடித்தான் சுற்றி வருகிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒன்றானால் அவற்றின் மாணவர் பேரவைகளை எப்படி ஒன்றாக்குவது என்பது. பெயர், பணம், விதி, தேர்தல் என்று நான்கு விஷயம் குறித்து வைத்திருக்கிறேன். நேரம் இருக்கிறவரை பார்ப்போம்.

இது என்னமோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். அபிஷேகப்பட்டியில் இருக்கிற நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமே 1990இல் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து வந்ததுதான். 2007இல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்து, திருநெல்வேலிக்கென்று ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தந்தார்கள். 2012இல் திரும்பவும் சென்னையோடு சேர்த்துவிட்டார்கள். ஐந்து வருடத்தில் பிரிவும் ஆச்சு, சேர்க்கையும் ஆச்சு. 2021இல் விழுப்புரத்துப் பல்கலைக்கழகத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கச் சட்டமன்றம் சட்டம் போட்டது. அப்போதெல்லாம் கட்டடம் யாருக்கு, துணைவேந்தர் யார், சான்றிதழில் எந்த முத்திரை என்று பேசினோம். மாணவர் பேரவை என்ன ஆகும் என்று ஒருவராவது கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்குத்தான் வரப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கதை. அண்ணாச்சி சிரிக்கிறார், அவருக்கு இந்தக் கதை தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் விடுதியில் தங்கிப் படித்தேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். பழைய விடுதி, புது விடுதி என்று இரண்டு. புது விடுதியில் மழைக்கு ஒழுகியது. அந்த வருடம் இரண்டு மெஸ்ஸையும் ஒன்றாக்கிவிட்டார்கள். வார்டனே ஒரு மெஸ் செயலாளரையும் நியமித்துவிட்டார். நல்ல பையன், நல்ல மார்க், காலையில் வார்டனுக்கு முதல் வணக்கம் வைக்கிறவன். அவனை எங்களில் யாரும் கேட்கவில்லை, எங்களிடமும் யாரும் கேட்கவில்லை.

சண்டை ஒரு அண்டாவில் ஆரம்பித்தது. பழைய விடுதிப் பையன்கள் பல வருடம் காசு சேர்த்து வாங்கிய பித்தளை அண்டா. விளிம்பில் விடுதிப் பெயரை வெட்டியிருப்பார்கள். சனிக்கிழமை சொதி அதில்தான் வைப்பார்கள். தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், மறுவீட்டுப் பந்தி மாதிரி இருக்கும். புது விடுதிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாமல் ஆகாது. அத்தனை பேருக்குக் கறி வைக்க அந்த அண்டா ஒன்றுதான் காணும். சொதி வைக்கிற அண்டாவில் கறியா என்று பழைய விடுதி எழுந்தது. எங்கள் காசிலும்தானே மெஸ் நடக்கிறது என்று புது விடுதி எழுந்தது. இரண்டு பக்கத்துத் தவசிப்பிள்ளைகளும், அதாவது சமையல்காரர்களும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. செயலாளர் தம்பி வார்டன் அறைக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு ராத்திரி மொட்டை மாடியில் கூடினோம். நாமே ஒரு செயலாளரைத் தேர்ந்தெடுப்போம் என்றார்கள். வாக்குச்சீட்டு அடிக்கக் காசு ஏது? பழைய விடுதி வேட்பாளருக்குப் புளியங்கொட்டை, புது விடுதி வேட்பாளருக்கு வேப்பங்கொட்டை. ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு முதலாண்டுப் பையன், நானும் நிற்கிறேன் என்று கையைத் தூக்கினான். அவனுக்குக் கூழாங்கல். ஆளுக்கு மூன்றும் கொடுத்தோம். மூடின கையைக் குடத்துக்குள் விட்டு ஒன்றைப் போட வேண்டும், மற்ற இரண்டையும் மாடியிலிருந்து இருட்டில் எறிந்துவிட வேண்டும். எண்ணியது யார் தெரியுமா? இரண்டு தவசிப்பிள்ளைகளும்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். ஒருவர் எங்களைப் பார்த்து, "அண்டா யாருக்குன்னு மாசக்கணக்கா சண்டை போட்டிய, அதைத் தேய்க்கிறவனை ஒரு வார்த்தை கேட்டியளாவே?" என்றார். கூழாங்கல்தான் ஜெயித்தது. ஐப்பசி மழைக்கு மாடிச் சுவரடியில் புளியும் வேம்புமாக முளைத்துக் கிடந்தன.

அந்தப் பையன் என்ன செய்தான்? சொதி அண்டாவிலேயே இருக்கட்டும், கறிக்கு வாடகைப் பாத்திரம் எடுப்போம் என்றான். ஆனால் தினமும் ராத்திரி கரும்பலகையில் கணக்கு எழுதிவிடுவான். கத்தரிக்காய் இத்தனை கிலோ, விறகு இவ்வளவு, பாத்திர வாடகை ஆறு ரூபாய். அந்த ஆறு ரூபாயை மட்டும் சிவப்புச் சாக்கட்டியில் எழுதுவான். மூன்றாவது வாரம் பழைய விடுதிக்காரர்களே வந்து, கறியை அண்டாவிலேயே வையுங்கள், பிறகு புளி போட்டுத் தேய்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். வார்டன் சொல்லி நடக்காதது, சிவப்புச் சாக்கட்டியில் நடந்தது.

சரி, கதை நீண்டுவிட்டது. ஆனால் பணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதும் இதிலேயே முடிந்துவிட்டது. இரண்டு பேரவை சேரும்போது பழைய கணக்கை முடித்து, தணிக்கை செய்து, மிச்சம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும். பெயரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் பெயர் வைத்தாலும் பையன்கள் சுருக்கித்தான் கூப்பிடுவார்கள்.

வெளிநாட்டில் எப்படிச் செய்தார்கள்? பின்லாந்தில் தாம்பெரே என்று ஓர் ஊர். அங்கே இருந்த பல்கலைக்கழகமும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2019 புத்தாண்டு அன்று ஒன்றாயின. இரண்டின் மாணவர் சங்கங்களும் அதே சமயத்தில் இணைந்து ஒரே சங்கம் ஆயின. 2010இல் ஆல்ட்டோ பல்கலைக்கழகம் மூன்று நிறுவனங்களைச் சேர்த்து உருவானபோதும் இப்படித்தான், மாணவர் சங்கங்களும் சேர்ந்தன. அந்த நாட்டில் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கிற மாணவர், சங்கத்தில் உறுப்பினராக இருப்பது சட்டத்திலேயே இருக்கிறது. சந்தா கட்டுகிறார்கள், பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கிலாந்தில் 2004இல் மான்செஸ்டரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒன்றாயின. அந்த நாட்டில் 1994ஆம் வருடத்துக் கல்விச் சட்டம், மாணவர் சங்கத்தின் முக்கியப் பொறுப்புகளுக்கு ரகசிய வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்கிறது. ஆக, அங்கே சேர்ப்பதற்குச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது.

இங்கே? நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் பேரவை என்றால் கல்லூரி நாள் அன்று குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற குழு. தலைவரை ஆசிரியர்களே பார்த்துப் போடுகிறார்கள். முதல்வர் அம்மா கோபிக்கக் கூடாது, உங்கள் கல்லூரியைச் சொல்லவில்லை. இல்லாத பேரவைகளை எப்படி இணைக்கிறது? மணமகனும் இல்லை, மணமகளும் இல்லை, மண்டபம் மட்டும் பிடித்து வைத்திருக்கிறோம்.

நம் நாட்டில் வழி இல்லையா என்றால், இருக்கிறது. மாணவர் பேரவைத் தேர்தலை எப்படி நடத்துவது என்று ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2006இல் உத்தரவு போட்டது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். அரியர் இருக்கக் கூடாது. பொறுப்பாளர் பதவிக்கு ஒரு முறைதான் நிற்கலாம். அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான். ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் மன்னிக்க வேண்டும். கல்வியாண்டு தொடங்கி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தேர்தல் முடிய வேண்டும். அடிதடி வரும், கட்சிக்காரர்கள் நுழைவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்குத்தான் இத்தனை வேலி போட்டிருக்கிறார்கள். வேலி இருக்கிறது, பயிர்தான் இல்லை.

இந்த இடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லுவேன் என்று வழக்கறிஞர் எதிர்பார்க்கிறார். சொல்லப் போவதில்லை. அதில் சொல்லியிருக்கிற குடவோலை என்பது குலுக்கல். நான் கேட்பது தேர்தல்.

ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் ரத வீதியில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நேர் வீதியில் யார் இழுத்தாலும் தேர் வரும். மூலை திரும்பும்போதுதான் பாடு. ஒரு பக்கத்து வடம் தளரும், ஒரு பக்கத்து வடம் விறைக்கும், முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து கத்துவார். வடம் பிடிக்கிற அத்தனை பேரும் அந்தக் குரலுக்குக் காது கொடுத்தால்தான் தேர் திரும்பும். நாம் மாணவர்களை வடம் பிடிக்க மட்டும்தான் கூப்பிடுகிறோம். ரத்ததான முகாம், மரம் நடு விழா, மந்திரி வந்தால் வரிசையில் நிற்க. இரண்டு பல்கலைக்கழகங்கள் சேருவது மூலை திரும்புகிற நேரம். பஸ் பாஸ் எந்த வளாகத்துக்கு, விடுதிக் கட்டணம் எந்தக் கணக்கில், பாடத்திட்டம் பாதியில் மாறினால் பரீட்சை எது என்று அப்போது யார் குரல் கொடுப்பது?

விதியைப் பற்றிச் சொல்ல நான்கு பக்கம் எழுதி வந்தேன். முதல்வர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அது இன்னொரு நாளைக்கு. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சின்ன வளாகத்து மாணவர்களுக்கென்று புதுப் பேரவையில் சில இடங்களை எழுதி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெரிய வளாகத்துத் தலைகளே எல்லாப் பதவியையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

வாசலில் ஒரு மேசை போட்டு நோட்டு வைத்திருக்கிறோம். ரகசிய வாக்கெடுப்பில் பேரவைத் தேர்தல் நடத்த வேண்டும் என்று துணைவேந்தருக்குக் கொடுக்கப் போகிற மனு அது. பெயர், வகுப்பு, கையெழுத்து, அவ்வளவுதான். பேனாவை நூலில் கட்டியிருக்கிறது, போன கூட்டத்தில் மூன்று பேனா காணாமல் போயிற்று. அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதலில் போடட்டும், அவர்களுக்கு வழி விடுங்கள். டீ அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.