சுரங்கத் தொழிலாளியின் மகள் பாடியது

நண்பர்களே, வணக்கம்.

எளிய வாழ்க்கையையும் அன்பையும் கொண்டாடும் பாட்டுகள் அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்விட்ட கன்ட்ரி இசையில் ஏராளம். பழைய வீடு, அம்மா சமையல், ஊர்ப்பாதை என்று பலவும் ஒரே மாதிரி இனிக்கும். இன்று நான் பேச வந்திருப்பது லொரெட்டா லின் எழுதிப் பாடிய ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ பற்றி. 1970இல் வெளிவந்து, அந்த டிசம்பரிலேயே கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. வறுமை இருந்தது, அன்பும் இருந்தது என்றுதான் இதுவும் சொல்கிறது. ஆனால் அந்த அன்பைக் காட்ட, வீட்டில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. இதன் பலமே அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லொரெட்டா 1932இல் கென்டக்கி மாநிலத்து மலைப்பகுதியில், புட்சர் ஹாலர் என்ற இடத்தில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். அப்பா டெட் வெப், வான் லியர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பாட்டில் அவர் இரவெல்லாம் சுரங்கத்தில் இருக்கிறார். பகலெல்லாம் சோளக்கொல்லையில் களை கொத்துகிறார். மனிதர் எப்போது தூங்கினாரோ! அம்மா ராத்திரியில் குழந்தைகளைத் தாலாட்டுகிறார், மண்ணெண்ணெய் விளக்கில் பைபிள் படிக்கிறார். தினமும் பலகையில் துணி தேய்த்துத் தேய்த்து அவர் விரல்களில் ரத்தம் கசிகிறது, அப்போதும் அவர் முணுமுணுப்பதில்லை. மகள் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஷூ வரும் இடம். கோடையில் பிள்ளைகள் எல்லோரும் வெறுங்கால். குளிர்காலம் வந்தால் ஆளுக்கு ஒரு ஜோடி புது ஷூ, தபாலில் வரவழைத்தது. பணத்துக்கு எங்கே போவது? பன்றியை விற்ற காசு. எப்படியாவது அப்பா புரட்டிவிடுவார் என்கிறாள் மகள். மலைக்குடும்பங்களுக்குப் பன்றி என்பது குளிர்காலத்து இறைச்சி. அதை விற்றுத்தான் பிள்ளைகளின் கால்களை மூடியிருக்கிறார்கள். அப்பா எங்களை எவ்வளவு நேசித்தார் தெரியுமா என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டிய அவசியமே இல்லை.

இசையிலும் இதே நேர்மைதான். பான்ஜோ என்ற தந்தி வாத்தியம் துள்ளிக்கொண்டு போகிறது, நடுவில் சுருதி ஏறுகிறது, குரலில் அழுகையின் சாயல்கூட இல்லை. இரக்கம் கேட்கிற பாட்டாக இருந்தால் இந்த வேகத்தில் பாடியிருக்க முடியாது.

முதலில் எழுதியபோது இன்னும் பல சரணங்கள் இருந்தன. நீளம் அதிகம் என்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சொல்ல, லொரெட்டா பாதி மனதோடு வெட்டினார். சொந்த வீட்டுக் கதையில் எதை விடுவது, எதை வைப்பது? அந்த வெட்டுக்கும் தப்பி நின்றவைதான் விரலும் ஷூவும். இத்தனையும் கேட்க அப்பா இல்லை. அவர் 1959இல் காலமானார். மகளின் முதல் இசைத்தட்டு வந்தது 1960இல்.

சரி, அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல இந்தப் பாட்டை மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. முணுமுணுக்காத அம்மாவைப் பாடிய அதே லொரெட்டா, ஆறு பிள்ளைகளைப் பெற்றவர், 1975இல் கருத்தடை மாத்திரையை வரவேற்று ‘தி பில்’ என்ற பாட்டை வெளியிட்டார். பல வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. அப்படியும் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. வீட்டுக்குப் போனதும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அம்மாவின் விரல்களைப் பார்த்து வளர்ந்தவள்தான் இரண்டாவதையும் பாடுகிறாள்.