மழைக்கார்டும் மாதச் சந்தாவும்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் திருகோணமலையில் வணிகக்கல்வி படிப்பித்தவன் நான். கையில் சோக்கட்டி இல்லாமல் பேசுவது கொஞ்சம் சிரமம்தான். "சேர், கரும்பலகை இல்லை, படம் கீறிக் காட்ட ஏலாது, பதினைந்து நிமிடம்தான்" என்று தயாரிப்பாளர் தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார். சரி, படம் கீறாமல் படம் பார்ப்பதைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறேன்.

மாதம் ஒரு சிறிய தொகை கட்டினால் போதும், தியேட்டரில் எத்தனை படமும் பார்க்கலாம். இப்படி ஒரு சந்தா வெளிநாடுகளில் இருக்கிறது. கைப்பேசிக்கு அன்லிமிட்டட் பக்கேஜ் போடுகிறோமே, அதுபோல. இது கட்டுப்படியாகுமா? விற்பவனுக்குக் கட்டுப்படியாகுமா, வாங்குபவனுக்குப் பிரயோசனமா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஆனால் இரண்டுக்கும் விடை தேட நான் முதலில் அமெரிக்காவுக்குப் போகப் போவதில்லை. இந்த ஊரில், நான் அரைக்காற்சட்டை போட்டிருந்த காலத்தில் நடந்த ஒரு கதைக்குப் போகிறேன். என்னிடம் படித்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், "ஐயோ, மழைக்கார்ட் கதையா" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எழுபதுகளின் தொடக்கம். என் சின்னமாமா, அம்மாவின் கடைசித் தம்பி, நகரில் ஒரு தியேட்டரில் கேட்டில் நின்று டிக்கட் கிழிப்பவர். தியேட்டரின் பெயர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் திருகோணமலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடல் இரையும், தெருவில் முழங்கால் தண்ணீர், இரவில் யார் படத்துக்கு வருவார்கள்? தகரக் கூரையில் மழை அடித்தால் கதாநாயகன் பேசுவதே கேட்காது. கலரியில் நூற்றைம்பது பேர் இருக்கும் வாங்குகளில் பன்னிரண்டு பேர் குந்தியிருப்பார்கள். ஆனால் புரொஜெக்டர் ஓடத்தான் வேண்டும், ஒபரேட்டருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும். பன்னிரண்டு பேருக்கும் அதே செலவு, நூற்றைம்பது பேருக்கும் அதே செலவு. வகுப்பில் இதை நிலையான கிரயம் என்று எழுதிப் போடுவேன். இப்போது எழுத முடியாது, நீங்கள் மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மனேஜர் ஒரு வேலை செய்தார். பழைய கலண்டர் மட்டைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, பின்பக்க வெள்ளையில் பெயரை எழுதி, ஊதா மை முத்திரை குத்தி, நான்கு கலரி டிக்கட்டின் விலைக்கு விற்றார். ஒரு மாதம் முழுக்கப் படம் பார்க்கலாம். சனி, ஞாயிறு செல்லாது. புதுப்படம் வந்தால் முதல் மூன்று நாள் செல்லாது. தைப்பொங்கலோடு கார்ட் முடிந்துவிடும், ஏனென்றால் பொங்கலுக்கு வரும் படத்துக்குக் கலரி தானாகவே நிறையும். ஊரில் அதற்கு 'மழைக்கார்ட்' என்று பெயர் விழுந்துவிட்டது.

எனக்கும் ஒன்று கிடைத்தது. ஒரே படத்தைப் பதினொரு தரம் பார்த்தேன். வில்லன் கதவைத் திறக்கும் முன்பே கலரி முழுக்கச் சேர்ந்து அவனுடைய வசனத்தைச் சொல்லுவோம்.

மனேஜருக்கு நட்டமா? அதுதான் இல்லை. நாங்கள் இருந்த வாங்கு எப்படியும் வெறுமையாகக் கிடந்திருக்கும். இன்று விற்காத அரிசியை நாளைக்கு விற்கலாம். இன்றைய இரண்டாம் காட்சியில் விற்காத கதிரையை நாளைக்கு விற்க முடியாது. ஆட்டம் முடிந்ததும் அது செத்துப்போகிறது, அந்தியில் மிஞ்சிய சூடை மீன் மாதிரி. ஆகவே வெறுங்கதிரையில் ஒருவனை இருத்த மனேஜருக்கு ஆகும் மேலதிகச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இருந்தவன் சும்மா இருப்பானா? இடைவேளையில் குளிருக்குப் பிளேன்டீ குடிப்பான், கடலை வடை கடிப்பான், ஒரு சுருள் கச்சான் வாங்குவான். கன்டீனை நடத்தியவர் மனேஜரின் மச்சான். விளங்குகிறதுதானே?

நகரசபையின் கேளிக்கை வரிக்கு அவர்கள் என்ன கணக்குக் காட்டினார்கள் என்பதை மட்டும் சின்னமாமா கடைசிவரை வாய் திறக்கவில்லை.

அப்புறம் நாங்கள் எங்கள் வேலையைக் காட்டினோம். கக்கூஸ் பக்கத்து மதில் தாழ்வு. உள்ளே போனவன் கார்டை மதிலுக்கு மேலால் வீசுவான், வெளியே நிற்பவன் பொறுக்கிக்கொண்டு கேட்டுக்கு வருவான். ஒரு நாள் மாலை ஒரே கார்ட் மூன்றாவது தரமாகச் சின்னமாமாவின் கைக்கு வந்தது. மட்டை நனைந்து ஊறி, முத்திரை கரைந்து, ஊதா மை அவருடைய பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. மாமா விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து கார்டின் ஓரத்தில் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு ஓட்டை. அவ்வளவுதான். கார்டைப் பறிக்கவில்லை, மாத நடுவில் சட்டத்தை மாற்றவில்லை. கதிரை அவர்களுடையது, அவசரம் இல்லை.

கதிரை யாருடையது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு மூன்று தரம் கேட்பேன்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். மூவிபாஸ் என்று ஒரு கொம்பனி, 2011இல் தொடங்கியது. முதலில் மாதத்துக்கு 30, 40 டொலர் என்று வாங்கிக்கொண்டு பெரிய சத்தமில்லாமல் ஓடியது. 2017 ஆகஸ்டில் ஹீலியோஸ் அன்ட் மதிசன் என்ற நிறுவனம் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, விலையை ஒரேயடியாக 9 டொலர் 95 சதத்துக்கு இறக்கினார்கள். மாதத்துக்கு அவ்வளவுதான், நாளுக்கு ஒரு படம். அந்த வருடம் அமெரிக்காவில் ஒரு டிக்கட்டின் சராசரி விலையே கிட்டத்தட்ட 9 டொலர். மன்ஹட்டன் பக்கம் போனால் 15 டொலருக்கும் மேல்.

என் அக்காவின் மகன் அப்போது நியூ ஜேர்சியில் இருந்தான். "மாமா, இது உண்மையா, எங்கேயோ இடிக்குது" என்று தொலைபேசி எடுத்தான். நான் கேட்டது ஒரே கேள்வி: "அவங்களிட்ட தியேட்டர் இருக்கா?" இல்லை என்றான். பிறகு எப்படி? சந்தாக்காரருக்கு ஒரு டெபிட் கார்ட் கொடுப்பார்கள். தியேட்டரில் நின்று செயலியில் படத்தைத் தெரிவு செய்தால் அந்தக் கார்டுக்குக் காசு ஏறும், அதைக் கொண்டு முழு விலைக்கு டிக்கட் வாங்க வேண்டும். முழு விலைக்கு! அதாவது, நம் மனேஜருக்கு வெறுங்கதிரையால் செலவே இல்லை. இவர்களுக்கோ ஒவ்வொரு கதிரைக்கும் 9 டொலர், 15 டொலர் என்று கையிலிருந்து போகிறது. இரண்டாவது படத்துக்குப் போனாலே நட்டம்.

கடை இல்லாத ஒருவன் உங்களிடம் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, "எந்தக் கடையிலும் தினம் ஒரு சோற்றுப் பார்சல் எடுங்கோ, முழுக்காசை நான் குடுக்கிறன்" என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம், ஆனால் பார்சலை எடுத்துச் சாப்பிடுங்கள். மருமகனுக்கும் அதைத்தான் சொன்னேன். அவன் ஒரு மாதத்தில் பத்தொன்பது படம் பார்த்தான். ஒரு நாள் மன்ஹட்டனில் அவசரமாக ஒதுங்க இடமில்லாமல், கார்டைக் காட்டி டிக்கட் எடுத்து, தியேட்டர் கழிப்பறைக்குப் போய்விட்டுப் படம் பார்க்காமலே திரும்பி வந்திருக்கிறான்.

அவர்கள் முட்டாள்களா? இல்லை. ஜிம் கணக்குப் போட்டார்கள். தை மாதம் ஜிம்முக்குக் காசு கட்டுபவர்களில் பலர் மாசியில் வருவதில்லை. அதுபோல, முதல் ஆர்வம் அடங்கியதும் சந்தாக்காரர் மாதம் ஒரு படத்துக்கு இறங்கிவிடுவார்கள் என்று நினைத்தார்கள். ஆட்கள் சேர்ந்தபின் தியேட்டர்காரரிடம் கன்டீன் வருமானத்தில் பங்கு கேட்கலாம், யார் என்ன பார்க்கிறார்கள் என்ற தரவை விற்கலாம் என்றும் நினைத்தார்கள். ஆனால் ஜிம்முக்குப் போவது உடம்பு நோகும் வேலை. படம் பார்ப்பது நோகுமா? உப்புவெளியில் ஹோட்டல்காரர் பஃபே போடுகிறார், எவ்வளவு பெரிய சாப்பாட்டுராமனுக்கும் மூன்றாவது கோப்பையில் வயிறு மூடிவிடும். கண்ணுக்கு அப்படி மூடும் இடம் இல்லை. அதோடு, இப்படி ஒரு கார்டை யார் முதலில் ஓடிப்போய் வாங்குவார்கள்? அதிகம் படம் பார்க்கிறவன்தான்.

2018 நடுப்பகுதியில் சந்தாக்காரர் 3 மில்லியனைத் தாண்டிவிட்டார்கள். வியாபாரம் அமோகம் என்று தோன்றுகிறதுதானே? அந்த மே மாதம் மட்டும் 40 மில்லியன் டொலர் துண்டு விழுந்தது. வாடிக்கையாளர் கூடக்கூட நட்டம் கூடும் வியாபாரம் அது. ஜூலை 26ஆம் திகதி கையில் காசு முடிந்து, கார்ட் வேலை செய்யாமல் போயிற்று. 5 மில்லியன் டொலர் அவசரக் கடன் வாங்கித்தான் திரும்ப ஓடவிட்டார்கள். அதே வாரம் பங்கு விலையைத் தூக்கிக் காட்ட 250 பங்கை ஒரு பங்காக்கினார்கள், சில நாட்களில் அதுவும் ஒரு டொலருக்குக் கீழே போய்விட்டது. ஆகஸ்டில் 'நாளுக்கு ஒரு படம்' 'மாதத்துக்கு மூன்று படம்' ஆனது. 2019 செப்டெம்பர் 14ஆம் திகதி கடையை மூடினார்கள். அடுத்த தையில் வங்குரோத்து.

மதிலுக்கு மேலால் கார்ட் வீசிய கதையை நான் சும்மா சொல்லவில்லை. இவர்களுக்கும் அதே தலையிடி. டிக்கட்டைப் படம் எடுத்து அனுப்பு என்றார்கள். அது எங்கள் மாமாவின் ஓட்டை மாதிரி, பரவாயில்லை. ஆனால் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2021இல் வெளிக்கொண்டுவந்தது வேறு. அதிகம் படம் பார்த்த 75,000 பேரின் கடவுச்சொற்களைச் செல்லாமலாக்கி, "உங்கள் கணக்கில் சந்தேகத்துக்குரிய நடமாட்டம்" என்று சாட்டுச் சொல்லியிருக்கிறார்கள். சந்தேகத்துக்குரிய நடமாட்டம் என்னவென்றால், விளம்பரத்தில் சொன்னபடி படம் பார்த்ததுதான்! தலைமையில் இருந்த மிட்ச் லோ, டெட் ஃபார்ன்ஸ்வர்த் இருவர் மீதும் 2022 நவம்பரில் முதலீட்டாளரை ஏமாற்றியதாகக் குற்றப்பத்திரிகை வந்தது. பின்னர் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

சரி, அப்படியானால் இந்தச் சந்தாவே உருப்படாத விசயமா? இல்லை. கதிரை யாருடையது என்று திரும்பக் கேளுங்கள். மூவிபாஸ் விலையை இறக்கிய அன்றே முகம் சுளித்த பெரிய தியேட்டர் கொம்பனி ஏஎம்சி. அது 2018 ஜூனில் தானே ஒரு சந்தா தொடங்கியது. மாதம் 19 டொலர் 95 சதம், வாரத்துக்கு மூன்று படம். ஓராண்டுக்குள் 8 இலட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள், இன்றும் ஓடுகிறது. விலை இரட்டிப்பு, ஆனால் கதிரை அவர்களுடையது, சோளப்பொரி அவர்களுடையது. சோளப்பொரிக் காசில் தயாரிப்பாளருக்கு ஒரு சதம் பங்கு கொடுக்க வேண்டியதில்லை, டிக்கட் காசில்தான் கிட்டத்தட்டப் பாதி போகிறது. மச்சானின் கன்டீன் கணக்கேதான்.

பிரான்சில் இன்னும் பழையது. யூஜிசி என்ற தியேட்டர் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் மாதம் 98 பிராங்குக்கு அளவில்லாத கார்ட் விட்டது. சின்னத் தியேட்டர்காரர் கொதித்தெழுந்தார்கள், பெரியவனின் கார்டை வாங்கியவன் எங்கள் பக்கம் ஏன் வருவான் என்று. நியாயமான கேள்வி. அடுத்த வருடமே சட்டம் வந்தது: இப்படிக் கார்ட் விடுவதற்கு அனுமதி வேண்டும், சின்னத் தியேட்டர்களும் அதில் சேர வழி வேண்டும், அவர்களுக்கு ஒரு டிக்கட்டுக்கு இவ்வளவு என்று உத்தரவாதம் வேண்டும். கால் நூற்றாண்டாக அந்தக் கார்ட் இருக்கிறது.

இந்தியாவில் பிவிஆர் ஐநொக்ஸ் என்ற தியேட்டர் கொம்பனி 2023 ஒக்டோபரில் விட்டதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதம் 699 ரூபாய், பத்துப் படம், திங்கள் முதல் வியாழன் வரை மட்டும். வெள்ளி, சனி, ஞாயிறு செல்லாது. எங்கள் மனேஜர் கலண்டர் மட்டையில் எழுதியதும் இதுதானே!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். மழைக்கார்டில் நேரத்தைத் தின்றுவிட்டேன் போல. வாங்குபவருக்குப் பிரயோசனமா என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருமகன் பார்த்த பத்தொன்பது படத்தில், காசு கொடுத்துப் பார்த்திருப்பாயா என்று கேட்டால் நான்குக்குத்தான் தலையாட்டினான். ஆனால் மிச்சப் பதினைந்தில் இரண்டு, பெயரே கேள்விப்படாத சின்னப் படங்கள். அவற்றைப் பற்றித்தான் இன்றும் பேசுகிறான். காசு போகாது என்றால்தான் தெரியாத படத்துக்கு மனிதன் துணிந்து போகிறான். எனக்குப் பெரிய இலாபமாகத் தெரிவது அது.

திருகோணமலைக்குச் சரிவருமா? ஒரு படம் மூன்று வாரம் நிற்கும் ஊரில் மாதச் சந்தா எதற்கு? கிண்ணியாவிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ வருபவருக்கு பஸ் காசும் மோட்டார் சைக்கிள் பெற்றோலுமே டிக்கட்டைத் தின்றுவிடும். நிறையத் திரை, வாராவாரம் புதுப்படம், நடக்கும் தூரம். இந்த மூன்றும் இருந்தால் எடுக்கலாம். எடுக்க முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஒன்று, கதிரை யாருடையது, அது உங்களுக்குத் தெரியும். இரண்டு, எந்த நாட்களில் செல்லாது. மூன்றாவது, சந்தாவை நிறுத்துவது எப்படி என்பது, அதைப் பற்றியே அரை மணி நேரம்... சரி, சரி, தம்பி கையை அசைக்கிறார். வணக்கம்.