லூதரை வெல்ல வைத்தது காலமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'மார்ட்டின் லூதரை வெல்ல வைத்தது அவருடைய துணிவா, அவர் வாழ்ந்த காலமா?' என்பது தலைப்பு. லூதர் யார்? ஐநூறு ஆண்டுக்கு முன்னால் போப்பின் திருச்சபையையே எதிர்த்து நின்ற ஜெர்மன் துறவி. எதிரணித் தலைவர் ஐயா துணிவைப் பாடிவிட்டு அமர்ந்திருக்கிறார். ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில், பேரரசர் கூட்டிய அவையில் சிங்கம்போல நின்று, 'இதோ நிற்கிறேன், வேறுவிதம் என்னால் முடியாது' என்று லூதர் முழங்கியதைச் சொன்னபோது கைதட்டல் கூரையைப் பிளந்தது. நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா ஒரு பெயரை மட்டும் வாயே திறக்கவில்லை. ஜான் ஹஸ்.

பொஹீமியாவின், அதாவது இன்றைய செக் நாட்டின், பாதிரியார். காசு கொடுத்தால் பாவத்துக்கான தண்டனை குறையும் என்று திருச்சபை பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை, லூதருக்கு நூறு ஆண்டுக்கு முன்பே எதிர்த்தவர். 'பத்திரமாக வந்து போகலாம்' என்று மன்னர் சிகிஸ்மண்ட் எழுதிக் கொடுத்ததை நம்பி, கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபை மன்றத்துக்குப் போனார். சொன்னதைத் திரும்பப் பெறு என்றார்கள். மாட்டேன் என்றார். 1415 ஜூலை 6 அன்று கம்பத்தில் கட்டி எரித்து, சாம்பலை ரைன் ஆற்றில் கொட்டினார்கள். ஐயா, ஹஸ்ஸுக்குத் துணிவு ஒரு படி குறைவா?

சரி, வோர்ம்ஸுக்கு வருவோம். 1521 ஏப்ரல். லூதர் கையிலும் அதே மாதிரி ஒரு வாக்குறுதிப் பத்திரம். முதல் நாள் அவர் எழுதிய புத்தகங்களை அடுக்கி வைத்து, 'இவை உன்னுடையவையா? இவற்றைக் கைவிடுகிறாயா?' என்று கேட்டார்கள். ஐயா சொன்ன சிங்கம் அன்று கர்ஜிக்கவில்லை. யோசிக்க அவகாசம் கேட்டது. குறையாகச் சொல்லவில்லை. பேரரசர் முன்னால் என்னை நிறுத்தியிருந்தால் நான் புத்தகத்தையே என்னுடையதில்லை என்றிருப்பேன். மறுநாள்தான் மாட்டேன் என்றார். ஹஸ் சொன்ன அதே 'மாட்டேன்'. அவருக்குத் தீ, இவருக்கு ஒளிந்திருக்க வார்ட்பர்க் கோட்டையில் ஒரு அறை. ஏன்?

ஜெர்மானிய நாடுகளுக்குத் தலைவரான புனித ரோமானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏழே பேருக்கு. அதில் ஒருவர் சாக்சனியை ஆண்ட பிரெடெரிக், லூதர் பாடம் நடத்திய விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். 1519 தொடக்கத்தில் பேரரசர் மாக்சிமிலியன் இறந்துபோனார். ஸ்பெயினின் சார்லஸ் அந்த இடத்துக்கு வந்துவிடக் கூடாதே என்பது போப் பத்தாம் லியோவின் கவலை. பிரெடெரிக்கின் தயவு வேண்டும். அவருடைய பேராசிரியர்மீது கை வைப்பார்களா? லூதர்மீதான வழக்கை மாதக்கணக்கில் ஆறப்போட்டார்கள். தேர்தல் நேரத்தில் கோப்பு நகராது என்பது நமக்குத் தெரியாததா நடுவரே! இதில் வேடிக்கை, இந்த பிரெடெரிக்கே புனிதர்களின் எலும்பும் துணியுமாக ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்து, வந்து கும்பிட்டால் மன்னிப்பு என்று கூட்டம் சேர்த்தவர். சீட்டை எதிர்த்தவரைக் கோட்டையில் ஒளித்து வைத்துக் காத்தவர் யார் பாருங்கள்.

அப்புறம் அச்சு. ஹஸ் எரிந்தபோது ஐரோப்பாவில் கூட்டன்பர்க்கின் அச்சு பிறக்கவே இல்லை. லூதர் 1518இல் பாவமன்னிப்புச் சீட்டைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு குட்டிப் பிரசுரம் எழுதினார். லத்தீன் தெரியாதவனுக்கும் புரியும், சில பக்கங்கள்தான், விலையும் மலிவு. லைப்சிக், நியூரம்பர்க், ஆக்ஸ்பர்க், பாசல் என்று ஊர் ஊராக மறுபதிப்பு. யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, விற்றது, அடித்தார்கள். கோட்டையில் ஒளிந்திருந்தபோது அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரில் வெளிவந்து டிசம்பரிலேயே மறுபதிப்பு கண்டது. ஆளை எரிக்கலாம். அதற்குள் நூறு ஊரில் கிடக்கும் தாளை யார் போய்ப் பொறுக்குவது?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். ஐயாவுக்கு அவ்வளவு கைதட்டல் வாங்கிக் கொடுத்த அந்த 'இதோ நிற்கிறேன்' இருக்கிறதே, அன்று அவையில் எடுத்த குறிப்புகளில் அது இல்லை. பிறகு விட்டன்பர்க்கில் அச்சான பிரதியில்தான் இருக்கிறது. எதிரணி வாங்கிய கைதட்டலில் பாதியை அச்சகத்துக்குக் கொடுத்துவிடும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.