ஊர்காவற்றுறை: ஆழம் குறைந்த கடலில் ஒரு துறை

வணக்கம் நேயர்களே.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டி மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போனால், வேலணைத் தீவின் வடமேற்கு மூலையில் ஊர்காவற்றுறை இருக்கிறது. எதிர்க்கரை காரைநகர். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய கடல். அந்தக் கடலின் நடுவில் ஒரு சின்னத் திட்டு, அதன்மேல் ஒரு கோட்டை. இன்று பார்ப்பவர்களுக்கு இது மீன்பிடி ஊர். எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் இரண்டு நாட்டு அரசர்கள் கண் வைத்திருந்த துறைமுகம். ஏன் இங்கே துறைமுகம் வந்தது, ஏன் போனது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் காற்று. வடபகுதிக் கடலோடிகளுக்குக் காற்றுத்தான் நாட்காட்டி. கார்த்திகை தொடங்கி மாசி வரை வடகிழக்கிலிருந்து வாடை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம். இடையில் மேற்கிலிருந்து கச்சானும் கிழக்கிலிருந்து கொண்டலும் மாறிமாறி வரும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை மூன்றும் வடக்குப் பார்த்த திறந்த கரைகள். வாடை எழும்பினால் அலை நேரே கரையில் வந்து விழும். பாய்க்கப்பல் அங்கே நங்கூரத்தில் கிடக்க முடியாது. ஊர்காவற்றுறை அப்படியல்ல. வாடையைக் காரைநகரும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியும் மறிக்கின்றன. சோளக காலத்தில் அனலைதீவு, நயினாதீவு, புங்குடுதீவு எல்லாம் தென்மேற்கில் வரிசையாகக் கிடந்து அலையை முறிக்கின்றன. இரண்டு காற்றுக்கும் ஒதுங்கக்கூடிய இடம் இந்தக் கரையில் அபூர்வம்.

தூரமும் கைகொடுத்தது. தமிழ்நாட்டுக் கோடியக்கரையிலிருந்து நேர் தெற்கே ஏறக்குறைய 65 கிலோமீட்டர். காற்று வாய்த்தால் பாய் விரித்த தோணிக்கு ஒரு பகல் ஓட்டம்.

ஆனால் கடல் ஆழமில்லாதது. பாக்கு நீரிணையின் இந்தப் பகுதியில் பெரும்பாலும் 12 மீட்டருக்குள்தான் தண்ணீர். தீவுகளுக்கு நடுவே அதைவிட எவ்வளவோ குறைவு. அடியில் மணல், சாதாழை என்ற கடற்புல், இடையிடையே முருகைக்கல், அதாவது பவளப்பாறை. மணலில் தட்டினால் தப்பலாம், கல்லில் தட்டினால் பலகை போய்விடும். அதனால் உள்ளே வருகிறவர்கள் வெயில் முதுகுப் பக்கம் விழுகிற நேரம் பார்த்து வருவார்கள். அப்போதுதான் திட்டு வெளிர்பச்சையாகவும் ஆழமான ஓடை கருநீலமாகவும் பிரிந்து தெரியும். எதிர்வெயிலில் எல்லாம் ஒரே மினுக்கம். முன்னணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், ஒருவர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு விட்டு ஆழம் சொல்ல வேண்டும். மணலில் ஏறிவிட்டால் பெருக்கை நம்பிக் காத்திருப்பதில் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசமே அரை மீட்டர் அளவுதான். சரக்கை வள்ளங்களில் இறக்கிக் கப்பலை இலேசாக்கித்தான் மிதக்க வைக்க வேண்டும். பெரிய கப்பல் என்றால் வெளியிலேயே நங்கூரம் போட்டு, சரக்கை வத்தை என்ற சரக்குப் படகுகளில் ஏற்றி இறக்குவார்கள்.

கப்பல் உடைந்து கெட்டால் சரக்கு யாருக்கு? இந்தக் கேள்விக்கு எழுத்திலேயே பதில் இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. ஊராத்துறையில், அதாவது நமது ஊர்காவற்றுறையில், பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர்கள், வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் கெட்டுப்போனால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, அதாவது அரச கருவூலத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சாதாரண வாணிப மரக்கலம் கெட்டால் சரிபாதி. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். குதிரை வியாபாரி பயந்து வராமல் விட்டால் அரசனுடைய படைக்குத்தான் நட்டம். அதனால் அவனுக்குச் சலுகை. துணி, மிளகு கொண்டு வருகிறவன் எப்படியும் வருவான். யானை நிறைந்த ஈழத்துக்கு ஏன் யானை வர வேண்டும் என்று கேட்கலாம். பர்மாவிலிருந்து யானை வாங்கினார்கள். விலையை ஏற்றியது பற்றி இதே மன்னனுக்கும் பர்மிய அரசனுக்கும் பெரிய பிணக்கே வந்தது.

அக்கரையிலும் இந்தத் துறையைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டாம் இராசாதிராச சோழன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் (இன்றைய வலிகாமம்) முதலிய இடங்களில் படையை நிறுத்திப் படகுகள் கட்டுவிப்பதாகச் சொல்கிறது. அதைக் கெடுக்கச் சோழர் தரப்பு படை அனுப்பியது. இந்த இடங்களில் பிடித்த யானைகளும் அந்தக் கல்வெட்டின் கணக்கில் வருகின்றன.

போர்த்துக்கேயர் காலத்தில் இங்கிருந்து யானை வெளியே போனது. வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவில் ஆழமில்லாத தண்ணீரில் நடத்திக் கடத்தி, யாழ்ப்பாணம் கொண்டுவந்து, இங்கிருந்து கப்பலேற்றினார்கள். வலிகாமத்து வடகரையில் அது நடக்காது. அலை அடிக்கிற இடத்தில் யானையைக் கப்பலில் ஏற்ற முடியுமா? அசையாத தண்ணீரும், கப்பல் தட்டோடு சமமாக நிற்கும் மேடையும் வேண்டும். அப்படி ஒரு மேடை இங்கே இருந்தது. ஆங்கிலேயர் எழுதிய கயிற்ஸ் என்ற பெயரே அந்த இறங்குதுறையால் வந்ததுதான்.

துறைவாயைக் காக்கத் திட்டின்மேல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். நம்மவர்களுக்கு அது கடற்கோட்டை. இடத்தெரிவில் குறை சொல்ல முடியாது. எந்தக் கப்பலும் பீரங்கிக்குத் தப்பி உள்ளே போக முடியாது. ஆனால் திட்டில் கிணறு இல்லை. குடிதண்ணீரைக் கரையிலிருந்து கொண்டுவந்துதான் சேர்த்து வைக்க வேண்டும். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது கோட்டையைப் பணிய வைத்தது தாகந்தான். பிற்காலத்தில் அது சிறைச்சாலையாகப் பயன்பட்டதற்கும் இதே அமைப்புத்தான் காரணம் என்று நினைக்கிறேன்: சுற்றிவரக் கடல், உள்ளே தண்ணீர் காவலர் கையில்.

ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்கும், பனைமரம் தமிழ்நாட்டுக் கரைக்கும், சங்கு வங்காளத்துக்கும் போயின. அரிசியும் துணியும் அக்கரையிலிருந்து வந்தன. அந்தக் காலக் கப்பல்களுக்கு இந்த ஆழம் போதும். நீராவிக் கப்பல் வந்த பிறகு போதவில்லை. 1905இல் ரயில் பாதை காங்கேசன்துறை வரை நிறைவடைந்தது. தெற்கிலிருந்து வரும் சரக்குக்குக் கடலே தேவையில்லாமல் போனது. ஓடையைத் தோண்டியிருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. தோண்டினால் கல்; தோண்டிய பள்ளத்தை அடுத்த வாடையில் மணல் வந்து நிரப்பும். தண்டவாளம் போன இடத்தை விட்டு இந்தச் செலவை யார் செய்வார்கள்? 1990களில் போரினால் தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்ததோடு இருந்த தொழிலும் படுத்துவிட்டது.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்றிரண்டு குறிப்புகள். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதை ஓடுகிறது. நம் ஊரில் அந்த மிதவைக்குப் பெயர் பாதை. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏற்றலாம். அது ஓடாத நாளில் யாழ்ப்பாணம் சுற்றி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போக வேண்டும், ஆகவே வாடை காலத்தில் கரையில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் இங்கிருந்துதான் வள்ளம். கடற்கோட்டை கடற்படையின் கையில் இருக்கிறது. காரைநகர்ப் பக்கமாக அவர்களுடைய படகில் போகலாம். கல்வெட்டைப் பார்க்கப் புங்குடுதீவு குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய் நயினாதீவுக்குப் படகு ஏறுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து ஓரளவு தெரியும். உச்சிவெயிலில் கல்தான் தெரியும்.